பாணன் கையில் யாழ் இருக்கிறதா?

  

திருச்சபைப் பணிகளைத் தாங்கி நிற்பது வெளியார் தரும் பெருநிதியா, சபையார் போடும் சிறு காணிக்கையா? எனக்கு முன்னால் பேசிய நண்பர் பெருநிதிக்காக வாதாடினார். எங்கே வாதாடினார்? விண்ணப்பப் படிவத்தைத்தான் வாசித்துவிட்டுப் போனார்! எந்த அறக்கட்டளைக்கு எழுதணும், எத்தனை பக்கம் எழுதணும், யார் சிபாரிசு வேணும்னு ஒரே வழிகாட்டல்.

ஐயா, கொடையாளி வீட்டுக்கு வழி சொல்வது தமிழனுக்குப் புதுசா? அதுக்குன்னே ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகை வைத்திருக்கிறோம். பத்துப்பாட்டில் சரிபாதி, ஐந்து பாட்டு, ஆற்றுப்படைதான். அதில் ஒன்று முருகனிடம் அனுப்புகிறது; மற்றவை மன்னர்களிடம் அனுப்புகின்றன. பரிசு வாங்கி வரும் பாணன், எதிரே பசியோடு வரும் பாணனிடம், 'இந்த வழியாப் போ, இன்னாரைப் பாரு' என்கிறான். ஆனால் ஒன்று கவனிக்கணும். வழி கேட்பவன் கையில் யாழ் இருக்கிறது! யாழை வித்துத் தின்னுட்டு வெறுங்கையோட போய் நின்றால், அரசன் என்ன, வாசல் காவல்காரனே உள்ளே விட மாட்டான்.

வேலூரைச் சொன்னார் நண்பர். ஐடா ஸ்கடர் அம்மையாருக்கு ஷெல் என்ற அமெரிக்கச் செல்வந்தர், மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902-ல் ஆஸ்பத்திரி எழுந்தது. உண்மைதான். ஆனால் பாதிக் கதையோடு உட்கார்ந்துவிட்டாரே! 1920-களின் தொடக்கத்தில் வேலூர் மருத்துவப் பள்ளி, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரி உள்ளிட்ட ஆசியப் பெண்கள் கல்லூரிகளுக்குப் பணம் தேவைப்பட்டது. ராக்பெல்லர் குடும்பத்து நிதியம் என்ன சொன்னது? 'நீங்க ரெண்டு டாலர் சேருங்க, நாங்க ஒரு டாலர் தர்றோம்.' 10 லட்சம் டாலர் வாங்க 20 லட்சம் திரட்டியாகணும். அமெரிக்கச் சபைப் பெண்கள் டாலர் டாலராகச் சேர்த்தார்கள். கோடீஸ்வரனே சில்லறையைப் பார்த்துத்தானய்யா பையைத் திறந்தான்!

நம்ம சட்டமும் அதைத்தான் கேட்கிறது. வெளிநாட்டு நன்கொடை வாங்க 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்துறை அமைச்சகத்தில் பதியணும். 2020-ல் திருத்திய விதிப்படி, சங்கம் மூன்று வருஷமாவது இருந்திருக்கணும்; அந்த மூன்று வருஷத்தில் பொதுநலப் பணிக்கு 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்கணும். முன்அனுமதி என்று ஒரு சந்து உண்டு. அதில் போனால் குறிப்பிட்ட ஒருவர் தரும் குறிப்பிட்ட தொகையோடு சரி. அந்த முதல் 15 லட்சம் எங்கிருந்து வரும்? உள்ளூரில்தான் வரணும்!

திருநெல்வேலிச் சீமையில் ஒரு வழக்கம். உலையில் அரிசி போடும் முன் அம்மா ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார். பிடியரிசிக் காணிக்கை! அப்படிப்பட்ட மண்ணில்தான் 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. அதன் முதல் செயலாளர் அசரியா. இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்பது கொள்கை. நிஜாம் சீமையின் தோர்ணக்கல்வரைக்கும் ஊழியர்களை அனுப்பினார்கள். அந்த அசரியாதான் 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர்.

நடுவர் மணியைத் தொடுகிறார்... ஒரே நிமிஷம் ஐயா!

எனக்குத் தெரிந்த ஒரு கிராமம். கூலிவேலைக்காரர் பிள்ளைகளுக்குச் சபை நடத்தும் மாலைப் பள்ளிக்கு வெளிநாட்டு நிதி வந்தது. மூன்று வருஷம். கட்டடம் வந்தது, மின்விசிறி வந்தது, வாசலில் பளிங்குக் கல்லில் பெயர் வந்தது. மூன்று வருஷம் முடிந்தது. கல்வெட்டு இருக்கு, சாக்பீஸ் இல்லை! ஆசிரியைக்குச் சம்பளம் இல்லை, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சைக்கு நாலு மாசம் இருக்கையில் பள்ளி பூட்டிக் கிடந்தது. பூட்டைத் திறந்தது யார்? பீடி சுற்றும் பெண்கள். வாரத்துக்கு ஆளுக்குப் பத்து ரூபாய்.

எதிரணியில் அடுத்துப் பேச வருபவர், நிதி நின்ற மறுமாசம் அந்தப் பள்ளிக்கு கரண்ட் பில் யார் கட்டுவதென்று தன் படிவத்தில் எந்தப் பத்தியில் எழுதியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு ஆரம்பிக்கட்டும்.