பழைய நண்பர்களோடு அந்தமானில்



பழைய நண்பர்கள் ஒன்றுகூடுவது எளிது. கூடிய பின் ஒரு வாரம் ஒன்றாக இருப்பதுதான் அரிது. திருமண வீட்டுப் பந்தியில் அருகருகே அமர்ந்து, ‘நலமா? பேரன் பேத்திகள் எத்தனை பேர்?’ என்று கேட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு போய்விடலாம். ஒரே அறையில் படுத்து, ஒரே பணப்பையிலிருந்து செலவு செய்து, நாளைக்கு எங்கே போவது என்று ஆறு பேரும் ஒரே முடிவுக்கு வரவேண்டும் என்றால், ஐம்பது ஆண்டு நட்பும் இரண்டாம் நாளே உரசத் தொடங்கிவிடும். மாணவ நண்பர்களே, நீங்களும் கல்லூரியை விட்டுப் பிரியும்போது, ‘ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் சந்திப்போம்’ என்று சொல்லிக்கொள்வீர்கள். நாங்களும் அப்படிச் சொல்லிக்கொண்டவர்களே. 1972இல் பள்ளி இறுதி வகுப்பை முடித்து உத்திரமேரூர் ஏரிக்கரையில் சொன்ன அந்தச் சொல்லை, 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் எங்களால் முழுமையாக நிறைவேற்ற முடிந்தது.

ஆறு பேர் நாங்கள். ஒருவர் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்பவர். ஒருவர் ஊரிலேயே தங்கி உழவு செய்பவர். ஒருவர் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர். ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வடநாட்டில் வாழ்ந்துவிட்டு அண்மையில்தான் ஊர் திரும்பியவர். ஆறாவது ஆள் நான். போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று ஏற்பாடு. சென்னையிலிருந்து அந்தமானின் தலைநகருக்குக் கடல்வழி ஏறக்குறைய 1,370 கிலோமீட்டர். விமானம் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும் இத்தொலைவைக் கப்பல் கடக்க மூன்று நாள் ஆகும். பேசுவதற்கு நேரம் வேண்டும் என்றால் கப்பல்தான் ஏற்றது.

முதல் நாள் மாலையே வழக்குத் தொடங்கிவிட்டது. பணம் யார் கையில் இருப்பது? எந்தத் தீவுக்கு முதலில் போவது? ஆளுக்கு ஒரு கருத்து. அப்போது ஆசிரிய நண்பர், “உத்திரமேரூரில் பிறந்தவர்கள் இதற்கா சண்டை போடுவது? குடவோலை எடுத்துவிடுவோம்” என்றார்.

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள கல்வெட்டுகளைப் பற்றி நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் வெட்டப்பட்டவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையை அவை வகுத்துக் கூறுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதி உடையவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். வயது முதிர்ந்த ஒருவர் அக்குடத்தை எல்லாரும் காணும்படி தூக்கிப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாதல்லவா! ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்களின் கைத்திறனை நன்கு அறிந்து வைத்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது முறையன்று. அந்தக் குடத்தில் எல்லார் பெயரும் விழவில்லை. சொந்த நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அதில் இடம் இருந்தது. பெண்களுக்கு இடம் இல்லை. உழுதவர்க்கும் நெய்தவர்க்கும் இல்லை. எங்கள் ஆறு பேரில் ஒருவர் பெயர்கூட அன்று குடத்துக்குள் போயிருக்காது. இன்றைய வாக்குரிமையை அதனோடு ஒன்றாக்கிப் பேசுவது பெருமைக்காகப் பேசுவதே ஆகும். ஆயினும் விதிகளின் நுட்பத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை.

கப்பலில் குடத்துக்குப் பதில் ஒரு சொம்பு. அடுத்த அறையில் இருந்த தமிழ்க் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் ஓலை எடுக்க ஒப்புக்கொண்டான். மூன்று வாரியங்கள் என்று வகுத்தோம். பணத்துக்குப் பொன் வாரியம். நிலத்தில் ஊர் சுற்றுவதற்குத் தோட்ட வாரியம். கடலில் செய்வன எல்லாவற்றுக்கும் ஏரி வாரியம். வங்கக் கடலை ஏரி வாரியத்தின் கீழ்க் கொண்டுவந்த பெருமை எங்களையே சாரும்! பழைய வாரியத்தாருக்கு 360 நாள் பதவி; எங்களுக்கு எட்டே நாள். கல்வெட்டின்படி எழுபது வயது கடந்தவர் நிற்க முடியாது. உழவ நண்பருக்கு எழுபத்தொன்று. ஒரே வகுப்பில் இரண்டு முறை தங்கிப் பிறகு எங்களோடு வந்து சேர்ந்தவர் அவர். “பள்ளிக்கூடத்தில் தோற்றதற்கு இப்போதுமா தண்டனை?” என்று கேட்டுவிட்டு, முதியவர் என்ற முறையில் சொம்பைத் தூக்கிப் பிடிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

மற்ற பெயர்களை ஆசிரியர் எழுதிக்கொண்டிருந்தபோது, வடக்கே போன நண்பர், “என் பெயரை எழுதாதே, அப்பா. கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்றும் அந்தக் கல்வெட்டில் இருக்கிறதே” என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. கல்வெட்டில் அப்படி இருப்பது உண்மைதான். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வரமுடியாது. எங்கள் ஆறு பேருக்குள்ளும் அப்படி ஒரு கணக்கு இருந்தது. 1982இல், பள்ளியை விட்டுப் பத்து ஆண்டு நிறைந்ததை ஒட்டி, நாங்கள் படித்த பள்ளிக்கு ஒரு புத்தக அலமாரியும் அது நிறைய நூல்களும் வாங்கித் தருவது என்று முடிவு செய்தோம். யோசனை நெசவு நண்பருடையது. வீடு வீடாகச் சென்று பணம் திரட்டியவரும் அவரே. பணத்தை வைத்திருந்தவர் வடக்கே போன நண்பர். அலமாரி வந்தது, நூல்கள் வரவில்லை. பொருளாளர் மாற்றலாகிப் போய்விட்டார். கணக்கும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. பணம் கொடுத்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி நின்றவர் நெசவு நண்பர். இந்தப் பயணத்திலும் அவ்விருவரும் ஒருவரோடொருவர் நேரே பேசியதில்லை. “நான்கு பெயர் போதும்” என்று மட்டும் சொன்னார் நெசவு நண்பர். சிறுவன் எடுத்த முதல் ஓலையில் அவர் பெயரே இருந்தது. பொன் வாரியம் அவருக்கு ஆயிற்று.

நாங்கள் போய் இறங்கிய நகரைப் போர்ட் பிளேர் என்றே கப்பலில் எல்லாரும் சொன்னார்கள். 2024 செப்டம்பரில் மத்திய அரசு அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டியது. பராந்தகனுக்கு நான்கு தலைமுறைக்குப் பின் வந்த ராஜேந்திர சோழன் 1025இல் படையெடுத்தது ஸ்ரீவிஜயப் பேரரசின் மீது. அவன் வென்ற இடங்களின் வரிசையில் மாநக்கவாரம் என்று மெய்க்கீர்த்தி குறிப்பது நிக்கோபார்த் தீவுகளையே. தோற்ற அரசின் பெயர் ஆயிரம் ஆண்டு கழித்து இந்தக் கடலில் ஒரு நகரத்தின் பெயராக வந்து நிற்பது வேடிக்கைதான்.

கிழக்கே வெகுதூரம் வந்துவிட்டோம் என்பதைக் கதிரவனே காட்டுகிறான். இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம். அது அலகாபாத்தை ஒட்டிச் செல்லும் தீர்க்கரேகையைப் பின்பற்றுவது. அந்தமானோ அதற்குப் பத்துப் பாகை கிழக்கே இருக்கிறது. ஆகவே அங்கே மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. உழவ நண்பர் தம் கடிகாரம் நின்றுவிட்டது என்றே எண்ணினார்.

தோட்ட வாரியம் என் பொறுப்பு. பாராடாங் என்னும் இடத்துக்குச் சாலை வழியாகப் போகலாம் என்று விடுதிக்காரர் சொன்னார். அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டை ஊடுருவிச் செல்வது. 2002இலேயே உச்ச நீதிமன்றம் அதை மூட ஆணையிட்டும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பிறர் வீட்டு முற்றத்தின் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு போவது போன்ற செயல் அது என்பது என் கருத்து. வாக்கெடுத்தோம், ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் போகவேண்டாம் என்று முடிவாயிற்று. எதிர்த்து வாக்களித்த அஞ்சல் நண்பர் அன்று மாலை வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

செல்லுலார் சிறைக்கு ஆறு பேரும் சென்றோம். 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்த சிறை அது. நடுவில் ஒரு காவல் கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஏழு கட்டடங்கள் விரிந்து சென்றன. அவற்றுள் மூன்றே இன்று எஞ்சியிருக்கின்றன. அறைகள் எல்லாம் தனி அறைகள். ஒரு கட்டடத்தின் முகப்பு அடுத்த கட்டடத்தின் முதுகையே பார்க்கும். கம்பிக்கதவின் வழியாக எத்தனை நேரம் நோக்கினாலும் எதிரே வெறும் சுவர்தான். இன்னொரு கைதியின் முகம் தெரியாது. வடநாட்டு நீதிமன்றங்களில் ஒன்றாக நின்று ஒன்றாகத் தண்டனை பெற்று வந்த தோழர்களை, ஒரே கூரையின் கீழ் வைத்தும் ஒருவரையொருவர் காணாதபடி பிரித்துவைக்கச் செய்த ஏற்பாடு அது. சாவர்க்கர் சகோதரர்களான கணேஷும் விநாயகும் அங்கே ஒரே காலத்தில் அடைபட்டிருந்தும் நெடுநாள் சந்திக்க முடியவில்லை. அப்படிப் பிரித்து வைத்தும் கைதிகளின் ஒற்றுமையை அடியோடு அழிக்க முடியவில்லை. 1933இல் உண்ணாநோன்பு இருந்தார்கள். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவர் அதில் உயிர் நீத்தார்கள். 1937இல் மீண்டும் நோன்பு இருந்தார்கள். அதன் பின்னரே அரசியல் கைதிகள் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

ஓர் அறைக்குள் நெசவு நண்பர் தனியாக நுழைந்து நின்றார். கதவின் தாழ்ப்பாள் சுவருக்குள் வெகுதூரம் தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கிறது. உள்ளே இருப்பவன் கை நீட்டினாலும் எட்டாது. அவர் கை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். வடக்கே போன நண்பர் வெளியே நடைவழியில் நின்றார். இருவருமே ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் ஹேவ்லாக் தீவுக்குப் படகேறினோம். 2018இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் பெற்றது அது. ராதாநகர்க் கடற்கரையின் வெண்மணலைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் வேறு சேர்க்க வேண்டியதில்லை. அடியில் கண்ணாடி பதித்த படகில் பவளப் பாறைகளைப் பார்த்தோம். கடல்நீர் அளவு கடந்து வெப்பமானதால் 2010இலும் 2016இலும் அந்தமான் பவளங்கள் பெரும்பரப்பில் வெளுத்துப்போயின. உயிருள்ள பவளத்தின் இடையே வெந்த சுண்ணாம்புக்கல் போன்ற பகுதிகளை நாங்களும் கண்டோம். மீன்களின் நிறங்களைக் கண்டு நெசவு நண்பர், “மயில்கழுத்து நிறத்துக்கு மஞ்சள் கரை! நாங்கள் சேர்க்கத் துணியாத நிறம்” என்று வாய்விட்டுச் சொன்னார். அதைக் கேட்டுத் தலையசைத்தவர் வடக்கே போன நண்பர்.

அன்றிரவு உணவுக்குப் பின் அவர் ஒரு தாளை எடுத்து வைத்துப் படித்தார். அலமாரி 760 ரூபாய், வண்டிக் கூலி 45, மீதி 335. மாற்றல் ஆணை வந்த வாரம் குழந்தைக்குக் கடுங்காய்ச்சல். கையில் இருந்த அந்த 335 ரூபாயும் மருத்துவத்துக்குச் செலவாயிற்று. அடுத்த மாதம் மணியார்டரில் அனுப்பிவிடலாம் என்று இருந்தார். அடுத்த மாதம் அடுத்த ஆண்டு ஆயிற்று. பிறகு முகத்தில் விழிக்க வெட்கம் தடுத்தது.

நெசவு நண்பர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நான் பணத்தையா கேட்டேன்? ஒரு கார்டு போட்டிருக்கலாமே!” என்றார். “பதினைந்து காசு கார்டு” என்று அஞ்சல் நண்பர் பழக்கதோஷத்தால் குறுக்கிட்டார். அவரை யாரும் கண்டிக்கவில்லை. அலைகளின் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நெசவு நண்பர் அந்தத் தாளை வாங்கி, கூட்டல் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தார். நெய்கிறவர்களுக்கு இழை எண்ணுவது பழக்கம்.

ஊர் திரும்பிய பின் பொன் வாரியத்தார் முறைப்படி எங்களைக் கூட்டிப் பயணக் கணக்கைப் படித்தார். கப்பல், விமானம், விடுதி, படகு, உணவு என்று செலவுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. வரவுப் பக்கத்தின் கடைசியில், ‘1982ஆம் ஆண்டு நிலுவை, ரூபாய் 335’ என்று ஒரு வரி இருந்தது. வட்டியோடு தருகிறேன் என்று அவர் எவ்வளவோ சொல்லியும் பொன் வாரியம் வட்டியை ஏற்கவில்லை. மிச்சப் பணத்தோடு அதையும் சேர்த்து நூல்கள் வாங்கினோம். அலமாரி இன்னும் இருக்கிறது. ஒரு கதவின் கீல் மட்டும் கழன்றிருந்தது. அதை உழவ நண்பர் சரிசெய்தார்.

அடுத்த ஆண்டு இராமேசுவரம் போவது என்று அன்றே பேச்சு எழுந்தது. வடக்கே போன நண்பரின் பெயரை இம்முறை சொம்பில் இடவேண்டும் என்கிறார் நெசவு நண்பர். கணக்குக் காட்டாதவரைக் கல்வெட்டு விலக்குகிறது. நாற்பத்து மூன்று ஆண்டு கழித்துக் காட்டியவரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை, ஆகவே சபையில் வைத்தே முடிவு செய்யவேண்டும் என்கிறார் ஆசிரியர். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.