களிமண் பலகையும் பனையோலையும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வரலாறு படித்துவிட்டு வக்கீல் தொழிலுக்குப் போனவன் நான். ஆகவே சட்டத்தில் இருந்தே தொடங்குகிறேன்.

பாபிலோனை கி.மு. 18ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஹமுராபியின் சட்டக்கல்லை நீங்கள் பாடப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். இரண்டேகால் மீட்டர் உயரம்; சுமார் 282 விதிகள். 1901-02இல் ஈரானில் சூசா என்ற இடத்தில் கிடைத்தது. இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு விதி: தன் வரப்புக்கரையைப் பேணாமல் விட்டு, கரை உடைந்து அடுத்தவன் வயல் அழிந்தால், அழிந்த தானியத்தை அவன் கொடுக்க வேண்டும். நம்ம ஏலாவில் நடக்கிற மடைச்சண்டை மாதிரியே இருக்கிறதல்லவா? கொடுக்க வழியில்லை என்றால் அவனையே விற்று, நஷ்டப்பட்டவர்கள் பங்கிட்டுக் கொள்ளலாம். இன்னொரு விதி, கடனுக்காக மனைவி மக்களை வேலைக்கு விட்டால் மூன்று வருஷம்தான், நாலாம் வருஷம் விடுதலை என்கிறது.

கல்லில் அப்படி இருக்கிறது. நடைமுறை எப்படி? அக்காலத் தீர்ப்புப் பலகைகளில் இந்தக் கல்லை மேற்கோள் காட்டுவது மிக அபூர்வம். ஜனங்கள் வாழ்ந்த வாழ்வைச் சொல்வது, வீடுகளில் கிடைத்த களிமண் பலகைகள்தான்: கிரயம், கடன், கூலி, கடிதம். ஹமுராபிக்கும் முந்தைய அசீரிய வியாபாரிகளின் பலகைகள் துருக்கியில் கனேஷ் என்ற ஊரில் இருபதாயிரத்துக்கு மேல் கிடைத்திருக்கின்றன. கழுதை மேல் தகரமும் துணியும் ஏற்றிப் போனவர்கள் அவர்கள். ஊரில் துணி நெய்து அனுப்பிய மனைவிமார், அதற்கான பணம் எங்கே என்று கேட்டு எழுதிய கடிதங்களும் அவற்றில் உண்டு.

அதற்கு நிகரான சொத்து நாஞ்சில் நாட்டிலும் இருக்கிறது. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் ஓலைகளைச் சொல்கிறேன். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆராய்ந்தவை, பின்னர் அ.கா. பெருமாள் நூல்களாகத் தந்தவை. நிலம், வரி, ஊர்க்காரியம் எல்லாம் அவற்றில் உண்டு. ஆட்களை விற்ற ஓலைகளும் உண்டு.

பழைய திருவிதாங்கூரில் ஜன்மம், காணம், பாட்டம் என்று நிலத்தைக் கைமாற்றிய மூன்று முறைகளும் மனுஷனுக்கும் இருந்தன. விற்கலாம், ஈடு வைக்கலாம், வாடகைக்கு விடலாம். 1855இல்தான் உத்திரம் திருநாள் மகாராஜாவின் அறிவிப்பு இதற்கு முடிவு கட்டியது.

கல்வெட்டு ராஜாவின் பெயரைச் சொல்லும். விற்கப்பட்டவனின் பெயரைச் சொல்வது இந்த ஓலைதான். அவன் இருந்தான் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. அவனுடைய வாரிசுகளும் வாங்கியவருடைய வாரிசுகளும் இன்றைக்கு இந்த மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருக்கலாம். அது நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமை எவ்வளவு தூரம் நடந்து வந்தது என்று தெரிய ஓலை வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் பழைய வீட்டு மச்சில், பத்தாயத்துக்குப் பின்னால் ஓலைக்கட்டு கிடந்தால் ஆற்றில் விடாதீர்கள், அடுப்பில் வைக்காதீர்கள். "வெளியே காட்டினா வம்புடே" என்று சொல்வார்கள். சிலருக்கு வெட்கம். இரண்டுக்கும் அவசியம் இல்லை. படம் எடுத்து, யார் வீட்டில் கிடைத்தது என்று குறித்து, ஒரு நூலகத்தில் ஒப்படையுங்கள். தம்பி தங்கைகளே, அதை வாசிக்கப் பழகுங்கள். ஓலையில் உள்ள கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும். கணக்கு அவ்வளவுதான், மீதி பொறுமை.

களிமண் சுட்டால் கெட்டியாகும், மக்களே. ஓலை எரிந்தால் சாம்பல்தான்.