பெருவழியும் பேருந்தும்
(ஒரு சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



'ஆறு' என்னுஞ் சொல் நீரோடும் ஆற்றை மட்டும் குறிப்பதன்று. மாந்தர் நடக்கும் வழிக்கும் அதுவே பெயர். வழியறியாதானை வழிப்படுத்துவது 'ஆற்றுப்படை'. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் ஒரு பாணனை அது வழிப்படுத்துகின்றது. அவ்வழியிற் செல்லும் உப்பு வணிகரின் வண்டிகளையும், மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்தையும், சுங்கவழி காக்கும் வில்வீரரையும், வருவோர்க்கு ஊர்தோறும் கிடைக்கும் உணவையும் அந்நூல் விரித்துரைக்கின்றது. வழிச்செல்வோரை அலறத் தாக்கிப் பொருள் பறிப்பார் அவன் நாட்டில் இல்லை என்பது அவ்வரசனுக்கு அங்குக் கூறப்படும் புகழ்களுள் ஒன்று.

இதிலிருந்து ஓருண்மை தெற்றெனப் புலனாகும். வழி என்பது வெறும் மண்ணும் கல்லும் அன்று. அதில் வண்டி ஓட வேண்டும். காவல் இருக்க வேண்டும். கைப்பொருள் இல்லாத பாணனும் அச்சமின்றி ஊர் சேர வேண்டும். அப்போதுதான் அது பெருவழி.

அதே தொண்டை நாட்டில், காஞ்சிக்குக் கிழக்கே, இன்றும் பெருவழிகள் உள்ளன. பூந்தமல்லியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாகப் பெங்களூர்க்குச் செல்வது ஒன்று. வண்டலூரிலிருந்து படப்பை, ஒரகடம் வழியாக வாலாசாபாத்துக்குச் செல்வது மற்றொன்று. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடத்தை ஊடறுத்துத் திருப்பெரும்புதூர்க்கு வருவது மூன்றாவது. இம்மூன்றும் சூழ்ந்த நிலப்பரப்பில், முன்பு ஏரிப்பாய்ச்சலில் நெல் விளைந்த ஊர்கள் பல இன்று தொழிற்பேட்டைகளாய் மாறியுள்ளன. 1971-இல் தோன்றிய, 'சிப்காட்' எனப்படும் மாநிலத் தொழில் முன்னேற்றக் கழகம், இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என வரிசையாகப் பேட்டைகளை அமைத்தது. 1998-இல் ஊண்டாய் மகிழுந்துகள் இருங்காட்டுக்கோட்டையில் உருவாகத் தொடங்கின. 2006-இல் நோக்கியாவின் கைப்பேசி ஆலையும், 2010-இல் ஒரகடத்தில் இரெனோ–நிசான் ஆலையும் வந்தன. அவற்றைத் தொடர்ந்து உருளிப்பட்டை, சரக்குந்து, விசையுந்து, மின்னணுக் கருவி எனப் பல்வகை ஆலைகள் எழுந்தன. சாலைகள் அகன்றன, ஒரகடத்தில் மேம்பாலமும் எழுந்தது.

ஆயினும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இச்சாலைகள் யாருக்காக அகன்றன? பெட்டகச் சரக்குந்துகளுக்காக என்பதே நேரிய விடை. சரக்குக்கு வழி வேண்டும், அதை மறுப்பாரில்லை. சரக்கை ஆக்கும் கைகளுக்கும் வழி வேண்டுமன்றோ?

விடியற்காலையில் ஒரகடக் கூட்டுச்சாலையில் நின்று பார்ப்போர்க்கு ஒரு காட்சி புலப்படும். நிறுவனங்களின் பெயர் தாங்கிய பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக விரைகின்றன. இடமிருந்தாலும் அவை சாலையோரம் நிற்கும் கூலித்தொழிலாளியை ஏற்றுவதில்லை. இஃது ஓட்டுநரின் வன்னெஞ்சால் நேர்வதன்று. 1988-ஆம் ஆண்டின் ஊர்திச் சட்டம், தனித்தனிக் கட்டணம் பெற்று ஆளை ஏற்றிச்செல்லும் பொதுப் பேருந்தை ஒரு வகையாகவும், முழு ஊர்தியாகப் பேசியமர்த்தும் ஒப்பந்தப் பேருந்தை வேறு வகையாகவும் பிரித்துள்ளது. ஒப்பந்தத்தில் அடங்காதாரை இடைவழியில் ஏற்றவோ இறக்கவோ ஒப்பந்தப் பேருந்துக்கு உரிமையில்லை. அச்சட்டத்திலும் பிழையில்லை, அவ்வரம்பு இல்லையேல் ஆதாயமுள்ள தடங்களையெல்லாம் ஒப்பந்த முதலாளிகள் கைப்பற்றிக் கொள்வர். எனவே, ஒப்பந்தப் பேருந்து ஏற்றாதவரைப் பொதுப் பேருந்து ஏற்ற வேண்டும் என்பதே முறை.

நிறுவனப் பேருந்தால் நன்மை இல்லாமலில்லை. நள்ளிரவில் பணி முடிக்கும் பெண்ணை அவர் தங்குமிடம் வரை அது கொண்டு சேர்க்கின்றது. ஆனால் அது நிறுவனத்தின் நிழல். நிறுவனம் நகர்ந்தால் நிழலும் நகரும். நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். வேலை போன நாளில் வேறு வேலை தேடிச் செல்ல வேண்டியவர்க்கு நிறுவன ஊர்தி ஏது? வேலை இருக்கும்போது மட்டும் உதவுவது சலுகை. வேலை இருப்பினும் இல்லையாயினும் உதவுவதே உரிமை. பொதுப் பேருந்தின் சிறப்பு இவ்வேறுபாட்டில்தான் அடங்கியுள்ளது.

மேலும், ஆலை வாயிலுக்குள் நுழைவோர் மட்டும் மக்களல்லர். ஆலையில் ஒப்பந்தக் கூலியாய்த் துப்புரவு செய்வார், உணவகத்தில் பாத்திரம் கழுவுவார், மேல்நிலைப் பள்ளிக்குச் செல்லும் மாணவர், மருத்துவமனைக்குச் செல்லும் முதியோர், கீரைக்கட்டுடன் சந்தைக்குச் செல்லும் உழவர் என இவர்களுக்கெல்லாம் பொதுப் பேருந்தே ஊர்தி. அது வாராதபோது அவர்கள் பகிர்வுத் தானியில் நெருக்கியடித்து ஏறுகின்றனர். இல்லையேல் கடன்பட்டு இருசக்கர ஊர்தி வாங்கிப் பெட்டகச் சரக்குந்துகளுக்கிடையே உயிரைப் பணயம் வைக்கின்றனர்.

பொதுப் போக்குவரத்து என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சென்னையில் 1895-இல் தொடங்கிய மின்னூர்திகள் 1953-இல் நின்றன. அதற்கு முன்பே, 1947-இல், அரசு தானே பேருந்துகளை இயக்கத் தொடங்கியிருந்தது. 1972 சனவரி முதல்நாள், 1,029 பேருந்துகளுடன் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. அதன் வழிவந்ததே இன்றைய மாநகர்ப் போக்குவரத்துக் கழகம். ஆதாயம் தரும் தடத்தில் ஈட்டி, ஆதாயம் தராத சிற்றூர்க்கும் வண்டி விடுவதே அரசுடைமையின் உட்பொருள். தாம்பரத்திலிருந்து படப்பை, ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் செல்லும் 583-ஆம் எண் தடம் அவ்வுட்பொருளுக்கு ஓர் எடுத்துக்காட்டு. இத்தகைய தடங்கள் பெருக வேண்டும்.

எவ்வாறு பெருக வேண்டும் என்பதையும் எண்ணுதல் வேண்டும். சென்னையின் பேருந்துத் தடங்களும் தொடர்வண்டித் தடங்களும் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல் நகர நடுவிலிருந்து வெளியே செல்கின்றன. ஆனால் ஆலைத் தொழிலாளரின் செலவோ ஆரக்காலிலிருந்து ஆரக்காலுக்குக் குறுக்கே செல்வது. சிங்கப்பெருமாள் கோயிலிலும் கூடுவாஞ்சேரியிலும் திருவள்ளூரிலும் தொடர்வண்டி நிலையங்கள் உண்டு. திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இல்லை. ஆவடியிலிருந்து திருப்பெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு இருப்புப்பாதை இடுந் திட்டம் பத்தாண்டுகட்கு மேலாகத் தாளிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றது. இவ்வட்டாரத்தில் உருவான மகிழுந்துகள் வாலாசாபாத்து நிலையத்திற் சரக்குத் தொடர்வண்டி ஏறி வடநாடு செல்கின்றன. மகிழுந்துக்குத் தொடர்வண்டி உண்டு. அதனைச் செய்தவர்க்கு இல்லை! பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூர் வரை மாநகரத் தொடர்வண்டியை ஏறத்தாழ 53 கி.மீ. நீட்டவும் திட்டம் உள்ளது. அது வந்தாலும் ஒரகடம் அத்தடத்திற்கு விலகியே நிற்கும். நிலையத்தையும் ஆலையையும் ஊரையும் இணைக்கக் குறுக்குத்தடப் பேருந்தே வேண்டும்.

வேளையும் பொருந்த வேண்டும். ஆலைகள் பல முறைப்பணியில் இயங்குகின்றன. இரவு 10 மணிக்குப் பணி முடியும் ஆலைக்கு 9.50 மணிக்குக் கடைசிப் பேருந்து எனில், அப்பேருந்து கணக்கில் உண்டு, பயனில் இல்லை. அலுவலக வேளையை அளவாகக் கொண்ட நகரத்துக் காலப்பட்டியல் ஆலை வட்டாரத்துக்குப் பொருந்தாது.

பெண்டிர்க்கு இது மேலும் இன்றியமையாதது. 2021 மே முதல் அரசின் கட்டணக் குறைவான நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். நல்ல ஆணை, ஆனால் பேருந்து வரும் ஊரில்தான் அவ்வாணைக்கு உயிர் உண்டு. 2024 ஆகத்தில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க மகளிர் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. ஒரு பேரூரின் மக்கள்தொகை அது! தொலைவிலுள்ள மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள், விடுதி வாயிலிலிருந்து ஆலை வாயிலுக்கும், ஆலை வாயிலிலிருந்து விடுதி வாயிலுக்கும் மட்டுமே சென்றுவருவாராயின், அவர்கள் இம்மண்ணில் வாழ்கின்றனர் என்பதா, வைக்கப்பட்டுள்ளனர் என்பதா? விடுமுறை நாளில் நூலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் உறவினர் வீட்டுக்கும் தம் விருப்பப்படி செல்லப் பொதுப் பேருந்து இருந்தால்தான் அவர்கள் குடிமக்கள்.

இறுதியாக ஊர்ப்பெயர் பற்றி ஒருசொல். 'இருங்காட்டுக்கோட்டை' என்னும் பெயரில் இருங்காடு, அதாவது பெருங்காடு, ஒன்று வாழ்கின்றது. 'சத்திரம்' என்னும் ஈறு, வழிப்போக்கர் தங்கிய மனையை நினைவூட்டுகின்றது. நிறுத்தங்களை ஆலையின் பெயராலும் 'சிப்காட்' என்னும் ஆங்கில எழுத்துக் குறுக்கத்தாலும் அழைக்கும் பழக்கம் பரவினால் ஊர்ப்பெயர்கள் தேயும். ஆலை மூடினும் ஊர் இருக்கும். ஆதலின் பலகையில் நிலைக்கத் தக்கது ஊர்ப்பெயரே. பிற மாநிலங்களிலிருந்து உழைக்க வந்தவரும் பெயரைச் செவியாற் கேட்டுத்தான் இறங்குகின்றார். நடத்துநர் வாயிலும் பலகையிலும் ஒரே பெயர் இருப்பின் அவரும் வழி தப்பார். ஒரு தமிழ்ச்சொல்லும் கற்பார்.

ஆகவே, கேட்க வேண்டுவன நான்கு. பணிமுறை மாறும் வேளைகளுக்கேற்பப் பேருந்து வேண்டும். தொடர்வண்டி நிலையங்களையும் தொழிற்பேட்டைகளையும் இணைக்கும் குறுக்குத்தடங்கள் வேண்டும். நிறுத்தந்தோறும் நிழலும் விளக்கும் வேண்டும். ஊர்ப்பெயரும் வேளைப்பட்டியலும் தமிழில் எழுதிய பலகை வேண்டும். இவை எவையும் மேம்பாலத்தினும் பெருஞ்செலவு வைப்பன அல்ல. ஊராட்சிக் கூட்டந்தோறும் தீர்மானமாக்கி, ஊரும் வேளையும் குறித்துப் போக்குவரத்துக் கழகத்துக்கு எழுதுவது ஒவ்வோர் ஊராரின் கடமை. தொழிற்சங்கங்களும் கூலியோடு சேர்த்து இதனையும் கேட்டல் வேண்டும். வழியிற் கழியும் மணியும் உழைப்பாளியின் வாழ்நாளே.

பாணனுக்கு வழி காட்டியது பாட்டு. உழைப்பாளிக்கு வழி காட்டுவது பேருந்தின் நெற்றிப்பலகை. அப்பலகை தாங்கிய பேருந்து உரிய வேளையில் எல்லார்க்கும் நின்று செல்லும் நாளில்தான், தொண்டை நாட்டுச் சாலைகள் மீண்டும் பெருவழி என்னும் பெயர்க்கு உரியனவாகும்.