வளர்ந்தவர் அமரும் வாங்கு



'நோ' என்னும் ஓரெழுத்துச் சொல் ஒன்று நம்மிடம் உண்டு. நாரி நோ, முழங்கால் நோ, வயிற்று நோ என்று யாழ்ப்பாணத்து வீடுகளிலே நாள்தோறும் வழங்கும் சொல் அது. ஆங்கிலத்திலோ அதே ஒலி 'இல்லை' என்று பொருள்படும். இவ்விரண்டு சொற்களும் 1992ஆம் ஆண்டின் மாரிகாலத்து இரவொன்றில், ரொறன்ரோ நகரத்து வைத்தியசாலை ஒன்றிலே, என் தமக்கையாரின் வாயில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

அத்தானுக்கு அன்று இரவு வேலை. பிள்ளைகளை அயல்வீட்டாரிடம் ஒப்புவித்துவிட்டு, வலது விலாவிலே கையை அழுத்தியவண்ணம் அவர் தனியே வாடகை வண்டியில் போய் இறங்கினார். மருத்துவர் கேட்ட கேள்வி என்னவென்று அவருக்கு ஒருவாறு விளங்கியது. "நோ, நோ" என்றார். விலாவைத் தொட்டுக் காட்டி மறுபடியும் "நோ" என்றார். கை விலாவிலேதான் இருந்தது. மருத்துவரோ தம் காதையே நம்பினார். சில குளிகைகளோடு வீடு திரும்பியவரைப் பொழுது விடியுமுன் நோயாளர் வண்டியில் மீண்டும் ஏற்றவேண்டியதாயிற்று. பித்தப்பையிலே கல். சத்திர சிகிச்சை செய்து பிழைத்துக்கொண்டார்.

என் தமக்கையார் எழுத்தறியாதவர் அல்லர். தமிழ் மூலம் பத்தாம் வகுப்புவரை கற்றுத் தேறியவர். பாடசாலையிலே ஆங்கிலமும் ஒரு பாடமாக இருந்தது. ஆனால் அந்த ஆங்கிலம் கண்ணாற் பார்த்த ஆங்கிலம். காதாற் கேட்டதுமில்லை, வாயாற் பேசியதுமில்லை. அவ்வாறான ஒருவர் நாற்பத்தேழாம் வயதிலே கொப்பியும் பேனையுமாக மறுபடி வகுப்பறைக்குள் நுழைந்த கதையையும், அந்த வகுப்பறை அங்கே எப்படி உண்டாயிற்று என்பதையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கனடாவிலே வளர்ந்தோர் கல்வியின் ஒரு கிளை கல்லூரி மண்டபத்தில் பிறந்ததன்று, காட்டிலே பிறந்தது. 1899ஆம் ஆண்டிலே, நோவா ஸ்கோசியா மாகாணத்தைச் சேர்ந்த அல்பிரட் பிற்ஸ்பற்றிக் என்னும் பாதிரியார், மரம் வெட்டும் முகாம்களிலே வாழ்ந்த கூலியாட்களுக்காக வாசிப்புக் குடில்களை அமைக்கத் தொடங்கினார். பனிக்காலம் முழுவதும் ஊரையும் உறவையும் விட்டுக் காட்டிலே அடைபட்டுக் கிடந்தோர் அவர்கள். புதிதாகக் கப்பலில் வந்த பின்லாந்துக்காரர், இத்தாலியர், உக்கிரேனியர் எனப் பலர் அவர்களுள் இருந்தனர். குடில் கட்டியாயிற்று, ஆசிரியரும் வந்தார். ஆனால் பகலெல்லாம் மற்றவர்கள் மரம் வெட்ட, ஆசிரியர் மட்டும் கை மடித்து இருந்தால், இரவிலே அவரிடம் யார் விருப்போடு வந்து அமர்வர்? ஆகவே ஆசிரியரும் கோடாரியைக் கையில் எடுத்தார். பகலிலே தோளோடு தோள் நின்று மரம் வெட்டுவது, தண்டவாளம் போடுவது; இரவிலே கூடாரத்திலோ பழைய இரயிற் பெட்டியிலோ விளக்கேற்றி எழுத்தும் பேச்சும் கற்பிப்பது. இவ்வாறு 'உழைப்பாளி ஆசிரியர்' என்னும் ஓரினம் தோன்றிற்று. பின்னாளிலே சீன தேசத்துப் போர்க்களத்தில் மருத்துவத் தொண்டாற்றி 1939இல் மாண்ட நோர்மன் பெத்யூன், மாணவனாய் இருந்தபோது, 1911ஆம் ஆண்டிலே, தம் படிப்பை இடைநிறுத்திவிட்டு ஒன்ராறியோக் காட்டு முகாமொன்றில் இத்தகைய ஆசிரியராகப் பணிபுரிந்தவர்.

அந்நிறுவனம் 'எல்லைப்புறக் கல்லூரி' என்று பெயர் பெற்றது. 2022ஆம் ஆண்டிலே அப்பெயர் மாற்றப்பட்டது. பணி இன்றும் நடைபெறுகின்றது. கற்பவன் பள்ளிக்கு வர இயலாதபோது பள்ளி அவனிருக்கும் இடத்துக்குப் போகவேண்டும் என்று கண்டவர்கள் அவர்கள். வானொலி நேயர்களாகிய உங்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். 1941 முதல் 1965 வரை அந்நாட்டின் வானொலி, கமக்காரர்களுக்கென ஒரு நிகழ்ச்சியை ஒலிபரப்பி வந்தது. அயலவர்கள் ஒரு வீட்டிலே கூடி அதைக் கேட்பார்கள். கேட்டபின் தமக்குள் விவாதிப்பார்கள். விவாதித்ததை எழுதி அனுப்புவார்கள். 1956இல் இந்தியாவின் பூனாப் பகுதியிலே அதே முறை பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. வானொலிப் பெட்டிக்கு முன்னால் இருப்பவர் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பவர் மட்டும் அல்லர் என்பதற்காக இதைச் சொன்னேன். நிற்க.

1965ஆம் ஆண்டிலே ஒன்ராறியோ மாகாணத்தில், கல்வி அமைச்சராயிருந்த வில்லியம் டேவிஸ் என்பவர் கொணர்ந்த சட்டத்தினாலே சமுதாயக் கல்லூரிகள் உருவாயின. பல்கலைக்கழகத்துக்குப் போகாதவர்க்குத் தொழிலும் கலையும் கற்பிப்பதே நோக்கம். இவற்றுள் முதலாவதான சென்ரெனியல் கல்லூரி 1966இல் ஸ்காபரோவிலே திறக்கப்பட்டது. பிற்காலத்திலே நம்மவர்கள் மிகுதியாகக் குடியேறிய இடமும் அதே ஸ்காபரோதான். இன்று அம்மாகாணத்திலே இத்தகைய அரசுக் கல்லூரிகள் 24 உள்ளன.

1983க்குப் பின் இலங்கைத் தமிழர் அங்கே பெருகிச் சென்றனர். அக்காலத்திலே அரசு நடத்திய மொழிப் பயிற்சி, தொழிலுக்குப் போகிறவர் என்று கருதப்பட்டவர்க்கே பெரிதும் உரியதாயிருந்தது. தொழிலுக்குப் போகிறவர் என்றால் நடைமுறையிலே குடும்பத் தலைவர், அதாவது கணவர். மனைவி வீட்டிலிருப்பவள், அவளுக்கு மொழி எதற்கு என்பது போலும்! கடைக்குப் போகிறவள் யார், பிள்ளையின் ஆசிரியரைப் பார்க்கிறவள் யார், வைத்தியசாலைக்கு நடுச்சாமத்திலே தனியே போகிறவள் யார் என்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. 1992ஆம் ஆண்டிலே மத்திய அரசு புதிய திட்டமொன்றை ஏற்படுத்தியது. அதன்படி, தொழிலுக்குப் போனாலென்ன போகாவிட்டாலென்ன, புதிதாய் வந்து நிரந்தர வதிவுரிமை பெற்ற வளர்ந்தவர் எவரும் கட்டணமின்றி மொழி கற்கலாம். கல்லூரிகளிலும் பாடசாலைகளிலும் சமூக நிலையங்களிலும் வகுப்புகள் நடந்தன. சில இடங்களிலே கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் இருந்தது. எத்தனையோ தாய்மாரை வகுப்புக்கு அழைத்துவந்தது பாடத்திட்டமன்று, அந்த அறையே என்பது என் துணிபு.

இனி என் தமக்கையாரிடம் வருவோம். 'நோ' அவரை வகுப்புக்கு அனுப்பவில்லை. அந்தச் சம்பவத்தை அவர் பின்னர் சிரித்துச் சிரித்தே சொல்வார். சத்திர சிகிச்சைக்குப்பின் மருத்துவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பதினொரு வயது மகனை மொழிபெயர்ப்பாளனாய் அழைத்துச் சென்றார். பள்ளிக்கூடத்தில் ஓராண்டிலே ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்ட பிள்ளை அவன். ஒருநாள் மருத்துவர் பெண்களுக்கேயுரிய சில கேள்விகளைக் கேட்டார். பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தான். தாய் நிலத்தைப் பார்த்தார். "ஒன்றுமில்லை என்று சொல்லு, தம்பி" என்றார். உண்மையிலே சொல்லவேண்டியது இருந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமையே அவர் வகுப்பிலே பெயர் பதிந்தார்.

மாலையிலே அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை; காலையிலே வகுப்பு. கல்லூரியொன்றின் கட்டிடம். அவருக்குப் பக்கத்து இருக்கையிலே சோமாலியாப் பெண்ணொருத்தி. எதிரே போலந்து நாட்டு முதியவர். அப்பால் வியட்நாமியத் தையற்காரர். ஒரே மொழி பேசுவோரை ஆசிரியை அருகருகே அமரவிடுவதில்லை. போலந்துக்காரரோடு பேசவேண்டுமானால் என் தமக்கையாருக்கு ஆங்கிலத்தைவிட வேறு வழியில்லை, அவருக்கும் அப்படியே. இருவரும் இலக்கணப் பிழைகளாலேயே ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டார்கள் என்று அக்கா சொல்வார்.

நம் மொழியினால் நமக்கு நேரும் தனிப்பட்ட இடர்கள் சில உண்டு. ஆங்கிலத்திலே பேரிக்காயையும் கரடியையும் பிரிப்பது முதலொலி ஒன்றுதான். 'பகல்' என்பதிலுள்ள பகரமும் 'இன்பம்' என்பதிலுள்ள பகரமும் வெவ்வேறு ஒலிகளே. ஆனால் நாம் ஓரெழுத்தால் எழுதி, இடம் நோக்கி ஒலிக்கின்றோம். அவ்வேறுபாட்டினால் பொருள் மாறும் என்று நம் காது எதிர்பார்ப்பதில்லை. ஆகவே பழக்கடையிலே இரண்டு இறாத்தல் கரடி கேட்ட பெருமை என் தமக்கையாருக்கு உண்டு. அதனினும் கடியது எதிர்மறைக் கேள்வி. "நேற்று நீங்கள் வரவில்லையா?" என்றால், "ஓம், வரவில்லை" என்போம் நாம், கேட்டவர் சொன்னதை ஆமோதிக்கிறோம். ஆங்கிலத்தாரோ "இல்லை, வரவில்லை" என்பர். "உங்களுக்கு வேறு வருத்தம் ஒன்றும் இல்லையே?" என்று மருத்துவர் கேட்க, "ஓம்" என்று மறுமொழி சொன்னால் என்ன ஆகும்? ஆசிரியை இதை இரண்டு கிழமை பயிற்றினாராம். நம்மிடையே ஆங்கிலம் கற்பிப்போர் எத்தனை பேர் இதற்கு இரண்டு நிமிடமாவது செலவிட்டிருக்கிறோம்? நானும் முப்பதாண்டு ஆசிரியனாயிருந்தவன்; செலவிட்டதில்லை.

1996ஆம் ஆண்டிலே அந்நாட்டார் மொழித் திறனை அளக்க அளவுகோலொன்று வகுத்தனர். கேட்டல், பேசல், வாசித்தல், எழுதல் என்னும் நான்கிற்கும் பன்னிரண்டு படிகள். இன்ன இலக்கணம் தெரியுமா என்று அது கேட்பதில்லை. தொலைபேசியிலே நேரம் குறிக்க முடியுமா, படிவத்தை நிரப்ப முடியுமா, பிள்ளைக்குச் சுகமில்லை என்று பாடசாலைக்குக் கடிதம் எழுத முடியுமா என்று கேட்கின்றது. இன்று அங்கே 18 முதல் 54 வயது வரையுள்ளோர் குடியுரிமை பெறுவதற்குக் கேட்டலிலும் பேசலிலும் நான்காம் படியை எட்டவேண்டும்.

மொழி வகுப்பு வேறு, அடிப்படைக் கல்வி வேறு. இதை நம்மவர் பலர் உணர்வதில்லை. என் தமக்கையார் ஆங்கிலச் சொல்லின் பக்கத்திலே தமிழில் ஒலியையும் பொருளையும் எழுதி வைத்துக்கொண்டார்; வீட்டுக்குப் போய்ப் படித்தார். போரிலே ஊர் ஊராய் இடம்பெயர்ந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளியை இழந்தவனுக்கு அந்த வசதி இல்லை. அகராதி அவனுக்குப் பயன்படாது. கரும்பலகையிலுள்ளதைப் பார்த்து எழுதினாலும் வீட்டிலே அது அவனோடு பேசாது. அவனுக்கு முதலிற் கற்பிக்கவேண்டியது ஆங்கிலமன்று, எழுத்து என்னும் சங்கதியே. இத்தகையோருக்குத் தனி வகுப்புகள் வைக்கின்றனர். அங்கே கையாளும் முறையொன்று எனக்கு மிகவும் பிடித்தது. கற்பவர் தம் வாழ்விலே நடந்ததொன்றைத் தமக்குத் தெரிந்த சில சொற்களாலே சொல்வார். ஆசிரியர் அதை அவ்வண்ணமே பலகையில் எழுதுவார். அதுவே அன்றைய பாடம். தான் சொன்ன சொல்லையே தான் முதன்முதல் வாசிக்கிறான்.

அங்கே பிறந்து வளர்ந்தும் பள்ளியை முடிக்காதவர்கள் பலருளர். அவர்களுக்கும் கல்லூரிகளிலே இடமுண்டு. ஆங்கிலமும் கணிதமும் விஞ்ஞானமும் கட்டணமின்றிக் கற்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரானதெனக் கல்லூரிகள் ஏற்கும் சான்றிதழைப் பெற்று, தொழிற்கல்விக்குள் நுழையலாம். அதே வாசல், அதே கட்டிடம். பத்தொன்பது வயது மாணவன் செல்லும் படிக்கட்டிலேயே ஐம்பது வயதுக்காரரும் ஏறுகின்றார். அதனாலே கூச்சம் பாதி குறைகின்றது.

குறை இல்லாமலில்லை. அந்த 1992ஆம் ஆண்டுத் திட்டத்தின் வகுப்புகளுக்கு, குடியுரிமை பெற்றவுடன் ஒருவர் தகுதியிழக்கின்றார். வந்த நாளிலிருந்து இரண்டு வேலை செய்து, பிள்ளைகளை ஆளாக்கி, ஆறுதலாய் அமர்ந்து இனிப் படிக்கலாம் என்று எண்ணும்போது அந்தக் கதவு சாத்தப்பட்டிருக்கும். மாகாண அரசின் வேறு வகுப்புகள் உண்டுதான். ஆயினும் ஒரு கதவு சாத்தியதைக் கண்டவர் மறு கதவைத் தட்டத் தயங்குவார். கடுமையாக உழைத்தவருக்கே தண்டனையாய் அமையும் இவ்விதியை யார் வகுத்தாரோ, அவர் இரவு வேலை செய்து பார்த்தவரல்லர். நம்மவரிடத்தும் குறையுண்டு. ஊரிலே மதிப்போடிருந்த பெரியவர்கள், "இந்த வயதிலே நான் போய் வாங்கிலே இருப்பதா?" என்று வீட்டுக்குள்ளேயே பேரப்பிள்ளைகளின் ஆங்கிலத்துக்குச் செவிடாய்க் காலம் கழிக்கின்றனர். என் அத்தானும் அவ்வாறானவரே. மனைவியார் கற்றார், அவர் இறுதிவரை கற்கவில்லை.

வகுப்பிலே சேர்ந்து பதினான்கு மாதங்களின் பின், என் தமக்கையார் தாமே தொலைபேசியை எடுத்து மருத்துவரிடம் நேரம் குறித்தார். சொல்லவேண்டியதை முதலிலே தாளில் எழுதி, மூன்று முறை உரக்க வாசித்துப் பார்த்துக்கொண்டு பேசினாராம். குறித்த நாளிலே மகன் வழக்கம்போல் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கூடவே போனான். மருத்துவரின் அறைக் கதவருகே அவர் நின்று, "தம்பி, நீ வெளியிலே இருந்து உன்னுடைய பாடத்தைப் படி" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.