சால் காடும் பைன் தோட்டமும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பஸ்தார் மலையின் இரும்புத்தாதை ஏற்றிவரும் வண்டிகளால் பிழைப்பவர்கள் நாம். அந்தக் காட்டின் கதை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1975-ல் மத்தியப் பிரதேச அரசு வன வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கியது. உலக வங்கியின் உதவியோடு பஸ்தாரின் சால் காட்டை வெட்டி, காகிதக் கூழுக்காக வெளிநாட்டுப் பைன் மரம் நடத் திட்டமிட்டார்கள்.

மரத்துக்கு மரம் சரிதானே என்பார்கள். சரியல்ல! சால் இலை தொன்னையாகிறது, விதை எண்ணெயாகிறது, பிசின் புகைபோட உதவுகிறது. முதல் மழையில் அதனடியில் முளைக்கும் காளானை ஆதிவாசிப் பெண்கள் சந்தையில் விற்கிறார்கள். இலையுதிர் காட்டில் கோடை வெயில் தரையைத் தொடும். புல்லும் கிழங்கும் வளரும். பைனோ ஆண்டு முழுதும் நிழலடிக்கும். அதன் ஊசியிலை சீக்கிரம் மக்காது. மெத்தைபோல் மூடி, மற்ற விதைகளை முளைக்கவிடாது. தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். மாட்டுக்கும் அது தீனியாகாது.

ஆதிவாசிகள் எதிர்த்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

இன்றும் காட்டை எடுப்பவர்கள் ஈடாக மரம் நடப் பணம் கட்டுகிறார்கள். அந்த நிதிக்கு 2016-ல் சட்டமே வந்தது. எத்தனை நட்டார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். எதை வெட்டினார்கள், எதை நட்டார்கள், அங்கே வாழ்பவர்களைக் கேட்டார்களா என்று கேளுங்கள். பிழைக்க வந்த நாம் அவர்கள் பக்கம் நிற்போம்!