எல்லார்க்கும் எல்லா உரிமையுமா?

(வலைத்தள மேலாண்மை பயிலும் தமிழ் இளைஞர்களிடையே ஆற்றிய உரை)



வலைத்தளம் நடத்துவோரை நள்ளிரவிலும் உறங்கவிடாத ஒரு சிக்கலைப் பற்றிப் பேச வந்துள்ளேன். நன்கு எழுதிய நிரல் ஒன்றை, ஆங்கிலத்தில் சர்வர் எனப்பெறும் வழங்கியில் ஏற்றுகின்றோம். உலவியிலிருந்து அழைத்தால், 403 என்றோ 500 என்றோ ஓர் எண் வந்து நிற்கின்றது. 403 என்பது 'உனக்கு இசைவில்லை' என்பது. 500 என்பது 'உள்ளே பிழை. இன்ன பிழையென்று வெளியார்க்குச் சொல்லேன்' என்பது.

அப்பொழுது நம்மவர் செய்வதென்ன? யாரோ சொன்ன 777 என்னும் எண்ணைக் கோப்பின்மேல் ஓதிவிடுகின்றனர். பொருள் கேட்டால் தெரியாது! பொருள் விளங்காமல் ஓதுவதை வழிபாட்டில் கடிந்துரைக்கும் நாம், கணிப்பொறியில் மட்டும் அதனையே செய்யலாமா?

நானும் அப்பிழையைச் செய்தவனே. பலர்க்கும் பொதுவான வழங்கி ஒன்றில் எங்கள் சொற்றொகுப்புத் தளத்தை வைத்திருந்தோம். தேடும் நிரல் இயங்கவில்லை. எல்லாக் கோப்புகளுக்கும் 777 இட்டேன், இயங்கிற்று, மகிழ்ந்தேன். சில கிழமைகள் கழித்துப் பார்த்தால், எங்கள் சொற்கோப்புகளில் வேற்றார் எழுத்துகள் புகுந்திருந்தன. முன்னரே படியெடுத்து வைத்திருந்தமையால் பாதி மீண்டது, மீதி போயிற்று. கதவைத் திறந்து வைத்தவன் நானே, யாரைப் பழிப்பது?

அவ்வெண்ணின் பொருள்தான் என்ன? 1969 இல் பெல் ஆய்வகத்தில் தோன்றிய யூனிக்சு முறையும், அதன் வழியில் அமைந்த லினக்சும் ஒரு கோப்பை அணுகுவோரை உரிமையாளர், குழுவினர், பிறர் என மூவகைப்படுத்தும். இசைவும் மூன்று. படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1. மூன்றும் கூடினால் 7. எனவே 755 என்றால், உரிமையாளர்க்கு மூன்றும் உண்டு. ஏனையோர் படிக்கலாம், இயக்கலாம், எழுதலாகாது. 644 என்றால், உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். ஏனையோர் படிக்க மட்டுமே செய்யலாம். 777 என்றால், அந்த வழங்கியில் இடம்பெற்ற யாரும் உங்கள் கோப்பில் எழுதலாம்! தமிழில் சொன்னால் இவ்வளவுதான். இதற்கா இத்தனை அச்சம்?

இனி, சிக்கலைத் தீர்க்கும் முறையைக் கேளுங்கள்.

முதலில், வழங்கியின் பிழைப்பதிவேட்டைப் படியுங்கள். உலவியில் மறைத்த உண்மை அங்கே எழுதப்பட்டிருக்கும்.

அடுத்து, நிரலை இயக்குபவர் யார் என்று பாருங்கள். வழங்கி பெரும்பாலும் உங்கள் பெயரில் இயங்காது. தனக்கென அமைந்த பயனர் பெயரில் இயங்கும். நீங்கள் இயக்கினால் இயங்கும் நிரல் அதனிடம் மறுக்கப்படுவதன் கரணியம் இதுவே. 'சூடோ' கட்டளையால் அப்பயனராக இருந்து இயக்கிப் பாருங்கள். கோப்பு வேறொருவர் பெயரில் இருந்தால், உரிமையாளரைத் திருத்துங்கள், எண்ணைப் பெருக்காதீர்கள்.

மூன்றாவது, வழியைப் பாருங்கள். உள்ளறை திறந்திருந்தும் தெருவாயில் அடைத்திருந்தால் நுழைவதெப்படி? கோப்புவரை உள்ள ஒவ்வோர் அடைவிற்கும் கடந்துசெல்லும் இசைவு வேண்டும். அடைவைப் பொறுத்தவரை 1 என்பதன் பொருள் அதுவே. 'நேம்-ஐ' என்னும் கட்டளை, வழி முழுவதையும் வரிசையாகக் காட்டும்.

நான்காவது, நிரலின் முதல்வரியைப் பாருங்கள். அதனை இயக்கவேண்டிய பெர்ல், பைதான் போன்றவை இருக்குமிடம் அங்கே பிழையின்றி இருத்தல் வேண்டும். விண்டோசில் எழுதிய கோப்பாயின், வரியீற்றில் கண்ணுக்குப் புலனாகாத குறியொன்று ஒட்டிக்கொண்டு வந்து கெடுக்கும்.

ஐந்தாவது, செலினக்சு என்னும் காவலமைப்பு இயங்குகின்றதா என்று பாருங்கள். கோப்பிற்கு அது இட்ட அடையாளம் பொருந்தாவிடின், 777 உம் பயன்படாது. அடையாளத்தைத் திருத்துங்கள், காவலனையே வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். அப்பாச்சி வழங்கியில் 'சூ-எக்செக்' என்னும் அமைப்பு உண்டு. குழுவினரோ பிறரோ எழுதக்கூடிய நிரலை அது இயக்கவே மறுக்கும். அங்கே 777 இட்டவர்க்குக் கிடைப்பது 500 தான்! மருந்தென்று இட்டதே நோயாகின்றது.

நிரல் எழுதவேண்டிய இடம் ஓர் அடைவேயாயின், அவ்வோர் அடைவில், அவ்வொரு பயனர்க்கு மட்டும் எழுதும் இசைவு தாருங்கள். வேண்டியவர்க்கு, வேண்டிய இடத்தில், வேண்டிய அளவே உரிமை. காக்கத் தெரியாதவன் கையில் சொத்து நில்லாது என்பதை இத்தமிழினம் அறியும். நம் சொற்களை வலையில் ஏற்றும் கைகள், அவற்றைக் காக்கவும் கற்கட்டும். ஓதுவதை விடுங்கள்; தாய்மொழியில் பொருளறிந்து செய்யுங்கள்!

வெல்க தமிழ்!