கேட்க ஆள் இருந்தால் கணக்கு நேராகும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக் கொண்டிருக்கும் தாய்மார்களே!

மாநகரத்தின் வரவு செலவைக் காப்பது மேயரின் திறமையா, மன்றத்தின் கேள்வியா? கேள்விதான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் லண்டனைக் காட்டினார். சரி, லண்டனுக்கே போவோம்! 1999-ல் சட்டம் வந்தது. 2000-ல் மக்கள் ஒரு மேயரையும், 25 பேர் கொண்ட மன்றத்தையும் தேர்ந்தெடுத்தார்கள். போலீஸ், தீயணைப்பு, பஸ், சுரங்க ரயில் இத்தனைக்கும் பட்ஜெட் போடுபவர் மேயர். அதில் ஒரு பங்கு ஜனங்களின் வீட்டு வரியோடு சேர்ந்து வருகிறது.

அந்தப் பட்ஜெட் மன்றத்துக்கு இரண்டு தடவை வரணும். முதல் வரைவைச் சாதாரணப் பெரும்பான்மையால் திருத்தலாம். மேயர் அதை ஏற்காமல் இருக்கலாம். ஆனால் ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் காரணம் சொல்லணும். பிப்ரவரி முடிவதற்குள் இறுதி வரைவு. அதைத் திருத்த, ஓட்டுப் போடுகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

இதைத்தான் எதிரணித் தலைவர் பிடித்துக் கொண்டார். "25 பேரும் ஓட்டுப் போட்டால் 17 பேர் வேணும். 9 பேர் மேயர் பக்கம் நின்றால் திருத்தம் காலி. பல் இல்லாத மன்றம்!" என்றார்.

ஐயா, உங்க வீட்டில் அம்மா என்ன மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்கியா கேள்வி கேட்கிறாங்க? (சிரிப்பு) "30 நாள் மாசத்துக்குப் பால் கணக்கு 31 நாள் எப்படிங்க வந்தது?" ஒரே கேள்வி! அடுத்த மாசம் கணக்கு தானாக நேராகிறதா இல்லையா? (கைதட்டல்)

இன்னொன்றும் பாருங்கள். 2000 முதல் 2024 வரை நடந்த ஏழு தேர்தல்களில் எந்தக் கட்சியும் அங்கே 12 இடத்தைத் தாண்டவில்லை. 17 வேண்டுமென்றால் எதிரும் புதிருமான கட்சிகள் கை கோக்கணும். அதனால் ஒரு கட்சியின் கோபத்துக்காகப் பட்ஜெட் கவிழாது. பல கட்சிகளும் தப்பு என்று சொன்னால் மேயரால் தப்பிக்கவும் முடியாது.

மேயர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நல்லவர் கணக்கையும் நாலு பேர் பார்க்கணும். ஏனென்றால் அது அவர் வீட்டுப் பணம் இல்லை. பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவன் பணம்!

கேள்வி கேட்கும் மன்றமே காவல் என்று தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவரே.